ஏற்காடு மலைக்கு இழுவை வண்டி: ஒரே இன்ஜின், இரண்டு ஆக்சில்

ஏற்காட்டில் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு மிக்சர் மெஷின் வாடகைக்கு விடுவது நம்ம தொழில். பிக்கப்பில் சிமெண்ட் மூட்டை, பின்னால் ஹூக்கில் மெஷின். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. பல வருஷமாக இதில் இரண்டு பிக்கப் ஓடுகின்றன. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ். பின் ஆக்சில் விகிதம் மட்டும் வேறு: பழசில் 4.10, புதுசில் 3.73. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண். எண் கூடினால் இழுவை கூடும்.

வண்டி எடுக்கப் போனால் எல்லோரும் குதிரைத் திறனைத்தான் கேட்கிறார்கள். ஆக்சில் விகிதம் கேட்டால் சேல்ஸ் தம்பி முழிக்கிறார். நாமே பார்த்துக்கொள்ளலாம். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரலில் விடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் அந்தத் தண்டு) சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் நாலு சுற்று முடிந்து ஒரு விரல் தாண்டி நின்றால் 4.10. மூன்றே முக்காலை ஒட்டி நின்றால் 3.73. ஆக்சில் நடுவில் உள்ள ஹவுசிங்கைத் திறந்தால் சந்தேகமே இல்லை: கிரவுனில் (சக்கரப் பக்கப் பெரிய பல்சக்கரம்) 41 பல், பினியனில் (ஷாஃப்ட் முனையில் உள்ள சின்னது) 10 என்றால் 4.10, பினியனில் 11 என்றால் 3.73.

ஒரே ஒரு பல். கணக்கில் வித்தியாசம் சுமார் 10 சதவீதம்தான். ஆனால் வளைவில் செகண்ட் கியரில் அது பளிச்சென்று தெரியும். பழசு முனகிக்கொண்டே செகண்டில் திரும்பி ஏறிவிடும். புதுசு வளைவின் நடுவில் ஆர்.பி.எம். சரிந்து, டர்போ கைவிட்டு, "எழும்பலண்ணா" என்று டிரைவர் ஃபர்ஸ்டுக்கு இறங்குவார். ஃபர்ஸ்டில் கத்தும், ஊரும். வளைவு முடிந்து செகண்ட் போட்டால் மறுபடி திணறும். மேலிருந்து பஸ் வந்து, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டி வந்தால் கிளட்ச் தீயும் வாடை கேபினுக்குள்ளேயே வரும். கிளட்ச் பிளேட் புதுசில்தான் சீக்கிரம் போகிறது. டிரைவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் ஓட்டுகிறார்கள், அதனால் ஓட்டும் கையைக் குறை சொல்ல வழியில்லை.

இறக்கத்திலும் அதே கதைதான். பின்னால் தள்ளும் மெஷினுக்குத் தனி பிரேக் கிடையாது. இன்ஜின்தான் பிடித்து இறக்க வேண்டும். அந்தப் பிடி 4.10-இல் கூடுதல்.

ஓமலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் ஏறியதும் நிலைமை தலைகீழ். டயர் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்தால், நேரடி கியரில் (இன்ஜின் சுற்றும் ஷாஃப்ட் சுற்றும் ஒன்றாக இருக்கும் கியர்) 70 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழசு சுமார் 2,280 ஆர்.பி.எம். சுற்றும், புதுசுக்கு 2,070 போதும். இரைச்சலும் டீசலும் பழசில்தான் அதிகம்.

ஆக்சில் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. சக்கரத்துக்குப் போகும் இழுவை, கியர் விகிதத்தையும் ஆக்சில் விகிதத்தையும் பெருக்கி வருவது. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் நல்ல உதாரணம். அதன் 6 கியர் ஆட்டோமேட்டிக்கில் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 4.17, பின்னால் வந்த 10 கியரில் 4.69. முன்னதை 3.73 ஆக்சிலோடு பெருக்கினால் சுமார் 15.6, பின்னதை 3.55 ஆக்சிலோடு பெருக்கினால் சுமார் 16.6. ஆக்சில் எண் குறைவு, ஆனால் கிளப்பும் இழுவை கூடுதல். அங்கே ஒரே இன்ஜினுக்கும் ஆக்சில் வாரியாக இழுவை எடையை அச்சடித்தே தருகிறார்கள். என் இரண்டு வண்டியின் கையேட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

புதுசுக்குப் பெரிய டயர் போடலாம், கெத்தாக இருக்கும் என்று அக்கா பையன் நச்சரிக்கிறான். விட்டம் 10 சதவீதம் கூடினால் 4.10 வண்டியே 3.73 மாதிரி ஆகிவிடும்; 3.73 என்ன ஆகும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். புதுசை 4.10 ஆக்கக் கிரவுன் பினியனை மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், கியர்பாக்ஸிலிருந்து ரீடிங் எடுக்கும் ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். கிரவுன் பினியனை மாற்றினாலும் பிரேக்கும் சேசிஸும் பழைய கதிதான், ஆர்.சி.யில் உள்ள எடையும் ஒரு கிலோ ஏறாது. அதனால் புதுசை ஆத்தூர், சங்ககிரி சைட்டுகளுக்குத் திருப்பிவிட்டேன். மலைக்குப் பழசுதான் போகிறது.