பழைய நெகட்டிவ்களுக்கு ஒரு பிளாட்பெட் ஸ்கேனர்: நான்கு மாத அனுபவம்

அப்பா எடுத்த நெகட்டிவ்களும் ஸ்லைடுகளும் (நிறங்கள் நேராகவே தெரிகிற பிலிம்) பல வருடமாக அலமாரியிலேயே கிடந்தன. அவற்றுக்காகவே மூடிக்குள் தனி விளக்கு உள்ள ஒரு பிளாட்பெட் ஸ்கேனரை (தட்டையான கண்ணாடி மேல் வைத்து எடுப்பது) வாங்கினேன். வாங்குகிறவர்கள் முதலில் அந்த விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பிலிமுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும், காகிதம் மட்டும் எடுக்கிற சாதாரண ஸ்கேனரில் வைத்தால் கறுப்புத் துண்டுதான் கிடைக்கும்.

பெட்டியில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பி வாங்காதீர்கள். ஒரே ஃபிரேமை 2400, 3200, 6400 என்று மூன்று முறை எடுத்து, அம்மாவின் கண் இமைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2400-க்கு மேலே போனால் கோப்புதான் வீங்குகிறது, ஒரு இமை முடிகூடக் கூடுதலாகத் தெரியவில்லை. 35 எம்எம் ஃபிரேம் என்பது 24-க்கு 36 மில்லிமீட்டர், 2400-இல் எடுத்தால் எட்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆல்பத்துக்கு அது தாராளம். 120 என்கிற அகலமான ரோல் பிலிம் 35 எம்எம்மைவிட அளவில் பெரியது என்பதால் இதே ஸ்கேனரில் அவ்வளவு அழகாக வருகிறது, அதைப் பார்த்த பிறகுதான் இதை வாங்கியது சரி என்று தோன்றியது.

என் பெரிய வருத்தம் கூடவே வரும் ஹோல்டர்தான். லேசான பிளாஸ்டிக், சுருண்ட பிலிமை அழுத்திப் பிடிக்கத் தெம்பில்லை, நடுப்பகுதி தொங்கி முகங்கள் மங்கிவிடுகின்றன. சரி, ஹோல்டரே வேண்டாம் என்று பிலிமை நேராகக் கண்ணாடியில் வைத்தால் வண்ண வண்ணமாக நியூட்டன் வளையங்கள் (பிலிமும் கண்ணாடியும் தொடுகிற இடத்தில் தெரியும் வளையக் கோலங்கள்) விழுகின்றன. கடைசியில் பிலிமைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்து எடுத்தேன், அப்புறம் ஹோல்டரின் நாலு மூலையிலும் மெல்லிய அட்டைத் துண்டுகளை ஒட்டி, ஒவ்வொரு உயரத்திலும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தூக்கியதற்கே படம் கூர்மையாகிவிட்டது!

தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி வண்ண நெகட்டிவ்களில் நன்றாக வேலை செய்கிறது, நேரம் மட்டும் அதிகம் பிடிக்கும். கறுப்பு வெள்ளையில் அதை அணைத்துவிடுங்கள். அந்தப் பிலிமில் உள்ள வெள்ளி அகச்சிவப்பை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்துச் சிதைத்துவிடும். கோடாக்ரோம் என்கிற கோடாக்கின் பழைய வகை ஸ்லைடிலும் இதே தொல்லை வரலாம். எப்படியானாலும் ரப்பர் ப்ளோயரால் ஊதிவிட்டு வையுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழிக்க, ஸ்கேனரோடு வந்த மென்பொருளைவிட வியூஸ்கேன் என்கிற தனி ஸ்கேன் மென்பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. நிற விவரங்களை நிறைய வைத்திருக்கும் 48 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்துவிட்டு, நிறத்தை அப்புறம் நிதானமாகத் திருத்திக்கொள்கிறேன்.

ஸ்லைடுகளில்தான் இது தோற்றுப்போகிறது. வெளிச்சமான இடங்கள் சரியாக வருகின்றன, ஆனால் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற நிழல் விவரங்கள் ஸ்கேனில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கறுத்துவிடுகின்றன. நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் இதிலேயே முடித்துவிடுவேன், ஸ்லைடுகளை மட்டும் மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவில் எடுக்கப் போகிறேன்.