கெமிஸ்ட்ரி பேப்பர், பேட்டன்ட் தேடுற டூல்ஸ்: காசு கட்டியும் கட்டாமலும் ஓட்டுன அனுபவம்

சின்தசிஸ் (லேப்ல காம்பவுண்டு தயாரிக்கற) வேலைங்கறதால ரொம்ப வருஷமா சைஃபைண்டர், ரியாக்சிஸ்ங்கற காசு கட்டுற கெமிஸ்ட்ரி டேட்டாபேஸ் ரெண்டுலயும் குடித்தனம் நடத்தியாச்சு, லைசென்ஸ் இல்லாத இடத்துல ஃப்ரீ டூல்ஸ வச்சும் சமாளிச்சிருக்கேன். ரியாக்‌ஷன் கண்டிஷன், யீல்டு, மெல்டிங் பாயின்ட் வேணும்னா என் ஓட்டு ரியாக்சிஸுக்கு தான், பைல்ஸ்டைன்ங்கற பழைய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தொகுப்போட டேட்டா அதுக்குள்ள இருக்கறதால 1900க்கு முந்துன ஜெர்மன் பேப்பர் கூட சிக்கும்.

பேட்டன்ட்னா கத வேற. மருந்து பேர மட்டும் போட்டுத் தேடுறத முதல்ல விடுங்க. இமாடினிப்ங்கற கேன்சர் மருந்தையே எடுத்துக்கங்க, அதோட மூல அமெரிக்க பேட்டன்ட் 5521184, 1996ல கிராண்ட் ஆனது, உள்ள இமாடினிப்ங்கற பேரே கிடையாது, அந்தப் பேர் பின்னாடி வச்சது. ஒரு எக்ஸாம்பிள்ல பிரிமிடின் அமீன்னு முடியுற ரெண்டு வரி நீளப் பேரா உக்காந்திருக்கும், முதல் க்ளெய்ம்ல (உரிமை கோருற பகுதி) பாத்தா ஆர்1, ஆர்2ன்னு மார்குஷ் ஸ்ட்ரக்சர் தான், அதாவது மாறுற இடங்கள ஆர்னு விட்டு நெறைய காம்பவுண்டுகள ஒரே படத்துல அடக்குறது. பேர போட்டா பெரும்பாலும் பின்னாடி வந்த கிரிஸ்டல் ஃபார்ம், ஃபார்முலேஷன் பேட்டன்ட்டா வந்து கொட்டும். சைஃபைண்டர்ல 152459-95-5ங்கற சிஏஎஸ் நம்பர (ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் தனியா குடுக்கற அடையாள எண்) போட்டா இந்தத் தொல்ல இல்ல, ஆளுங்க உக்காந்து படிச்சு இண்டெக்ஸ் பண்றாங்க, விலையும் அதுக்கேத்த மாதிரி தான் (சின்ன கம்பெனிக்கெல்லாம் கட்டுப்படியாகாது).

காசில்லாம ஓட்டணும்னா நான் போற ரூட்டு: பப்கெம்ங்கற ஃப்ரீ காம்பவுண்டு டேட்டாபேஸ்ல ஸ்மைல்ஸ (ஸ்ட்ரக்சர ஒரே வரி எழுத்தா எழுதுறது) காப்பி பண்ணி, பேட்டன்ட்ல இருக்கற காம்பவுண்டுகள தேடுற ஷ்யூர்கெம்பிள்ல ஸ்ட்ரக்சர் சர்ச், கிடைக்கிற பேட்டன்ட் நம்பர எஸ்பாஸ்நெட்ங்கற பேட்டன்ட் தேடுற சைட்ல போட்டு ஃபேமிலி (அதே கண்டுபிடிப்புக்கு மத்த நாடுகள்ல போட்ட பேட்டன்ட்டுங்க) பாக்குறது, எக்ஸ்பெரிமென்டல் (செய்முறை) படிக்க கூகுள் பேட்டன்ட்ஸ். முக்கால்வாசி வேல இதுலயே முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு, மெஷின் படிச்சு எடுக்குற டேட்டால ஸ்கேன் பண்ணும்போது 1ங்கற எண் 'எல்'ங்கற இங்கிலீஷ் எழுத்தா ஆயிடும், வரி முடிவுல ஹைபன் காணாம போயிடும், பேர் உடைஞ்சா காம்பவுண்டும் போச்சு. 2001க்கு அப்புறம் வந்த அமெரிக்க பேட்டன்ட்ல ஸ்ட்ரக்சர் ஃபைலே கூட வரும், அதனால அங்க பரவால்ல, பழசுன்னா பிடிஎஃப்ப தொறந்து கண்ணால பாத்துடுங்க.

மார்குஷ்ல உங்க காம்பவுண்டு மாட்டுதான்னு பாக்கணும்னா மட்டும் ஃப்ரீ டூல நம்பி இறங்காதீங்க, அந்த ஒரு தேடலுக்காவது காசு கட்டுங்க. அதுலயும் ஒண்ணும் வரலன்னு நிம்மதியா இருந்துட முடியாது, பேட்டன்ட் பொதுவா முதல்ல ஃபைல் பண்ண தேதியிலேர்ந்து சுமார் 18 மாசம் கழிச்சு தான் பப்ளிஷ் ஆகும், அலர்ட் போட்டு வச்சு அப்பப்போ திரும்ப ஓட்டிப் பாருங்க.