பாலைவன ரயில் படப் பயணம்: பாலக்காட்டு முகமை ஒன்றின் சேவை எப்படி?

ரயில்களைப் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்குமென்றே ராஜஸ்தான் செல்வோருக்குத் தனித் திட்டம் வகுத்துத் தருவதாகப் பாலக்காட்டில் உள்ள சிறிய பயண முகமை ஒன்று விளம்பரம் செய்திருந்தது. வாளையாறு, கஞ்சிக்கோடு காட்டுப் பாதையிலேயே ரயில் பார்த்துப் பழகிய எங்கள் கொழிஞ்சாம்பாறை நண்பர்கள், ஜோத்பூர்–ஜெய்சல்மேர் தடத்தைக் காண மார்கழியில் அச்சேவையைப் பயன்படுத்தினோம்.

போக்குவரத்து ஏற்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு, கொங்கண் வழியாக ஜோத்பூரைத் தொட்டுச் செல்லும் ஹிசார் வாராந்திர ஏசி வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்ததால், சென்னையைச் சுற்றிக்கொண்டு போகும் அலைச்சல் மிச்சமாயிற்று. தண்டவாள எல்லைக்குள் அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எல்லைக்கு வெளியே நின்று எடுக்கத்தக்க இடங்களையே அவர்கள் குறித்திருந்தது பாராட்டுக்குரியது.

ஆனால், அவர்கள் ரயில் கால அட்டவணையை அறிந்த அளவுக்குச் சூரியனை அறியவில்லை. பொக்ரான் அருகே காலை ஆறரை மணிக்குக் கேமராவுடன் நிற்கச் சொன்னார்கள். நம் ஊரில் அந்நேரம் விடிந்துவிடும். ஜெய்சல்மேர் பக்கமோ வெகு மேற்கே இருப்பதாலும், வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் சுருங்குவதாலும், அங்கே சூரியன் தலைகாட்ட ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடுகிறது. அப்பருவத்தில் நண்பகலிலும் அது தென்வானில் சுமார் 40 பாகை உயரத்திற்கு மேல் ஏறுவதில்லை. பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேர் வரையிலான தடம் பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்வதால், பாதையின் தென்புறம் நிற்பவருக்கே இன்ஜினின் பக்கவாட்டில் வெளிச்சம் கிடைக்கும். திட்டத்தில் இருந்த முக்கிய இடமோ வடபுறத்தில் அமைந்திருந்தது; அங்கிருந்து எடுத்த படங்களில் பெட்டிகள் எல்லாம் கரிக்கோடாகவே விழுந்தன.

கானலைப் பற்றியும் ஒரு சொல் எச்சரிக்கை இல்லை. மணல் சூடேறிய பின் தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் வண்டியின் விளிம்புகள் நெளிந்தே தெரியும். அந்த இடைவேளையில் பலோடிக்கு அருகே கீச்சனில் வலசை வரும் கொக்குகளைக் காட்டியது மட்டும் நல்ல யோசனை.

அவர்களது துண்டறிக்கையைத் திருத்துவது அவசரத் தேவை. 1965 போரில் நின்ற இந்திய–பாகிஸ்தான் எல்லைத் தடத்தில் 2006இல் ஓடத் தொடங்கி, 2019 ஆகஸ்டில் மீண்டும் நிறுத்தப்பட்ட தார் எக்ஸ்பிரஸ் இன்னமும் அந்தத் துண்டறிக்கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மே மாதத்திற்குச் சலுகைக் கட்டணமும் அறிவித்திருக்கிறார்கள். பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவானதை அறிந்தவர் எவரும் இலவசமாகக் கொடுத்தாலும் அதை ஏற்கமாட்டார்.

படமெடுக்கும் இடங்களையும் நேரங்களையும் நாமே குறித்துக் கொடுத்தால், அதற்கேற்பக் காரும் அறையும் அமைத்துத் தர அவர்கள் தயங்குவதில்லை. அவ்வாறு செய்வோர் திட்டக் கட்டணத்தில் குறைப்புக் கேட்பது நியாயமே.