பிடிஓ: பாக்கி பூஜ்யமா, புள்ளியே இல்லையா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் புள்ளிக் கணக்கு (குடும்பவாரி வரிக் கணக்கு) மென்பொருள் எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். அத்தனை ஆண்டுகளும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தை, பிஎச்பி நிரல்மொழி தரவுத்தளங்களோடு பேச உதவும் இடைமுகமான பிடிஓ (PDO) வழியாகவே கையாண்டு வருகிறேன். அண்மையில் வேறொருவர் எழுதிய பழைய நிரலொன்று பழுது பார்க்க என்னிடம் வந்தது. பட்டியலில் இல்லாத புள்ளி எண்ணைக் கொடுத்தாலும் அது ‘பாக்கி இல்லை’ என்று ரசீது அச்சிட்டுக்கொண்டிருந்தது. காரணம் தேடி அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கவில்லை; பிடிஓவைப் பற்றி எனக்கு நெடுநாளாக உள்ள ஒரே மனக்குறைதான் அங்கேயும் உட்கார்ந்திருந்தது.

திருமணமான ஒவ்வொரு இணையும் தம் கோயிலில் ஒரு புள்ளி. வரியைக் கட்டித் தீர்த்த புள்ளிக்குப் பாக்கி பூஜ்யம். பெயரே பதியாதவருக்குப் பாக்கி என்ற ஒன்றே கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் கணக்கை கோயிலை நிர்வகிக்கும் எந்தக் காரியக்காரரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. ஆனால் பிடிஓவில் ஒரு பதிவின் ஒரு நெடுவரிசையை மட்டும் எடுத்துத் தரும் மெத்தட் (செயற்கூறு), பதிவு இருந்தால் அதன் மதிப்பையும், பதிவு இல்லாவிட்டால் ‘பொய்’ எனப் பொருள்படும் ஃபால்ஸையும் ஒரே வாசல் வழியாக அனுப்புகிறது. மெய், பொய் மதிப்புகளை இதன் வழியாகப் படித்தால் பதிவின்மையிலிருந்து பிரித்தறிய முடியாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. எச்சரிக்கத் தெரிந்தவர்கள் அதைத் திருத்தியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று சமக்குறியிட்டு (===), மதிப்போடு அதன் வகையையும் சேர்த்து ஃபால்ஸோடு ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல்லில் தப்பித்துவிடலாம் என்பது உண்மைதான். அவசரத்தில் எழுதுபவர் ‘இல்லையெனில்’ என்று மட்டும் சோதித்தால், முழு எண் பூஜ்யம், நல் (null, மதிப்பின்மை), ஃபால்ஸ் மூன்றும் ஒரே கிளைக்குள் போய் விழும். பாக்கியை டெசிமல் (தசம எண்) வகையில் வைத்திருந்தாலோ அது ‘0.00’ என்ற சரமாக வருகிறது; அந்தச் சரத்தை பிஎச்பி மெய்யென்றே கொள்கிறது. எனவே பணத்தை ஓர் அட்டவணையில் பைசாவாக முழு எண்ணிலும் இன்னோர் அட்டவணையில் டெசிமலிலும் வைத்திருக்கும் மென்பொருளில், ஒரே சோதனை இரண்டு விதமாக நடந்துகொள்ளும். போதாக்குறைக்கு, முன்பு எமுலேட்டட் பிரிப்பேர் முறையில் (வினவலில் மதிப்புகளை தரவுத்தளத்துக்குப் பதில் பிடிஓவே பொருத்தும் முறை) சரமாகவே வந்த முழு எண்கள் பிஎச்பி 8.1 முதல் முழு எண்ணாகவே வருகின்றன. மாற்றம் நல்லதுதான், ஆனால் பூஜ்யத்தைச் சரமாக எதிர்பார்த்துக் கறாராக ஒப்பிட்ட பழைய வரிகள் அன்றே பொருள் இழந்தன. பதிவே இல்லாதபோதும் கூட்டுத்தொகை கேட்டால் நல் கொண்ட ஒரு பதிவு திரும்புவது மட்டும் எஸ்க்யூஎல்லின் இயல்பு. அதற்காக பிடிஓவைக் குறை சொல்வது நியாயமாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பிடிஓவை விடாமல் இருப்பதற்குக் காரணம், அதை நம் தேவைக்கு நீட்டிக்கொள்ள அதுவே வழி வைத்திருப்பது. வினவலைக் குறிக்கும் பிடிஓவின் ஸ்டேட்மென்ட் கிளாஸிலிருந்து (வகுப்பிலிருந்து) நாமே ஒரு கிளாஸை வருவித்து, இணைப்பின் பண்புகளில் அதன் பெயரைக் கொடுத்துவிட்டால், அதன்பின் தயாராகும் ஒவ்வொரு வினவலும் நம் மெத்தட்களோடு வந்து சேரும். அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும் மெத்தட்) பப்ளிக்காக, அதாவது வெளியிலிருந்து அழைக்கத்தக்கதாக, இருக்கக் கூடாது, பெர்சிஸ்டன்ட் (மூடாமல் மறுபடி பயன்படுத்தும்) இணைப்போடு இதைப் பயன்படுத்த முடியாது என்ற இரண்டு கட்டுப்பாடுகளும் என் வேலைக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. பிஎச்பி தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிப்பதால் என் மெத்தட்களுக்கு ‘ஒரேபதிவு’, ‘இருந்தால்பதிவு’, ‘ஒரேமதிப்பு’ என்றே பெயரிட்டிருக்கிறேன். முதலாவது, பதிவு இல்லாவிட்டாலும் ஒன்றுக்கு மேல் வந்தாலும் எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும். அதை அறிவதற்காகவே இரண்டாம் முறையும் ஒரு பதிவைக் கேட்டுப் பார்க்கும். இரண்டாவது, இல்லையென்றால் நல் தரும். மூன்றாவது, முழுப் பதிவையும் அரேயாக (மதிப்புகளின் தொகுப்பாக) எடுத்து, அரே வந்ததா என்று உறுதி செய்த பின்னரே அதன் முதல் மதிப்பைத் தொடும். பதிவு உண்டா என்பதும் மதிப்பு என்ன என்பதும் இவ்வாறு இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரிந்துவிடுகின்றன; பிடிஓ முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இவ்வளவுதான்.

பிடிஓ தானாகவே தரும் மகிழ்ச்சி ஒன்றும் உண்டு: இரண்டு நெடுவரிசைகளைக் கேட்டால், முதலாவதைச் சாவியாகவும் இரண்டாவதை மதிப்பாகவும் வைத்து ஒரே அரேயாகக் கொடுக்கும் கீ பேர் முறை. புள்ளி எண்ணுக்கு எதிரே பெயர், கோயில் குறிக்கு எதிரே இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று திரையில் காட்ட வேண்டிய தேர்வுப் பட்டியல்கள் அனைத்தும் லூப் எதுவுமின்றி ஒரே வரியில் முடிகின்றன. அதன் உடன்பிறப்பான யுனீக் முறை சாவியாக எடுத்த முதல் நெடுவரிசையைப் பதிவிலிருந்தே அகற்றிவிடும் என்பதால், அதே நெடுவரிசையை வினவலில் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

நீட்டிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே உள்ள மெத்தட்களை அதே பெயரில் மாற்றி எழுதாமல், புதிய பெயர்களை மட்டும் சேர்க்க வேண்டும். 2020-இல் வந்த பிஎச்பி 8.0, எல்லாப் பதிவுகளையும் எடுக்கும் மெத்தட்டின் அளவுரு அமைப்பை மாற்றியபோது, அதை மேலெழுதியிருந்த வருவிப்பு கிளாஸ்கள் ஏற்றப்படும்போதே அபாயப் பிழையோடு நின்றன. என் கிளாஸில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அந்த மேம்படுத்தலைக் கடந்தேன்.

இவையெல்லாம் எதற்கு, தரவுத்தளத்தைக் கையாளும் இன்னொரு பிஎச்பி நூலகமான டாக்ட்ரின் டிபிஏஎல்லை (DBAL) எடுத்துக்கொண்டால் போதாதா என்று தேவகோட்டையில் இதே தொழில் செய்யும் நண்பர் கேட்டார். அதில் சாவி–மதிப்பு இணையும், சாவியிட்ட பதிவுப் பட்டியலும் தெளிவான பெயருள்ள மெத்தட்களாகவே கிடைக்கின்றன. பிடிஓவில் போல கீ பேர், யுனீக் முதலிய முறைகளின் மாறிலிப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எனினும் ஒற்றை மதிப்பைக் கேட்டால் பதிவு இல்லாதபோது அதுவும் ஃபால்ஸைத்தான் நீட்டுகிறது. என் மனக்குறைக்கு அங்கும் மருந்தில்லை.

இருந்தும், புதிதாகத் தொடங்குபவர் டிபிஏஎல்லையே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்வேன். பிடிஓவை நான் இவ்வளவு பாராட்டுவது, என் கிளாஸை அதன்மேல் போர்த்திய பிறகு கிடைத்த பிடிஓவை; வெறும் பிடிஓவை ஒரு கோயில் கணக்குக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. டிபிஏஎல்லை எடுத்தாலும், பாக்கி கேட்கும் இடங்களில் ஒற்றை மதிப்பைக் கேட்காமல் முழுப் பதிவையும் கேட்டு வாங்கட்டும்.