வியன்னா மாப்பிள்ளையும் கோத்தகிரி சி ஃபாரமும்

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கூட்டிப்போக இருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசாவைப் பற்றித்தான். விசாவில் இப்போது அவ்வளவு சிக்கல் இல்லை. அவரை வீட்டில் தங்கவைக்கும் அம்மா அப்பாவுக்குச் சட்டப்படி என்ன வேலை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ஜனவரியில் நாங்கள் கோத்தகிரி போனபோது எங்களை அலையவிட்டது அதுதான்.

முதலில் விசாக் கதையை முடித்துவிடுகிறேன். நான் இந்தியப் பாஸ்போர்ட், வேலை வியன்னாவில். கணவர் ஆஸ்திரியர். பதிவுத் திருமணம் அங்கேயே முடிந்தது. இந்தியக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவிக்கு என்று எக்ஸ் விசா இருக்கிறது. அதற்குத் திருமணச் சான்றிதழ், என் பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். தூதரக வழியில் போனால் அவருடைய பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி இ-டூரிஸ்ட் விசா. உறவினரைப் பார்க்கப் போவதும் அதில் அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. கணவர் வேலை விஷயமாக நாடுநாடாகச் சுற்றுகிறவர், பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்க முடியாது. அதனால் ஐந்து வருஷ இ-டூரிஸ்ட் விசாவே எடுத்தோம். 80 டாலர், மேலே கொஞ்சம் வங்கிக் கட்டணம்.

அதிலும் கட்டுப்பாடு உண்டு. விசா ஐந்து வருஷத்துக்கு என்றாலும், வந்தால் இத்தனை நாள்தான் இருக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மீறி இருக்க நினைத்தால் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு நீட்டிக்க முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்கள் கஷ்டத்தைப் பார்க்காமல் எக்ஸ் விசாவே எடுப்பது நல்லது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குக் கணவன், மனைவி என்ற இந்த வழி கிடையாது. அவர்கள் சுற்றுலாப் பயணியாக வரலாம். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களாக இருந்தால் இ-விசாவே கிடைக்காது. அவர்கள் தூதரக வழியில்தான் போகவேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பதெல்லாம் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்ட ஏஜென்ட் தளங்கள். ஜிஓவி டாட் இன் என்று முடியாத தளத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

விண்ணப்பம் இருக்கிறதே, அது நம் பள்ளிக்கூட ஆபீஸ் போட்ட படிவம் போலவே இருக்கும். அப்பா பெயர், அவர் பிறந்த ஊர், அம்மா பெயர், அவர் பிறந்த ஊர், மதம், படிப்பு, கடந்த பத்து வருஷத்தில் போன நாடுகள். அங்க அடையாளம் என்ற இடம் வந்ததும் கணவர் கையை எடுத்துவிட்டார். "இவர்களுக்கு என் உடம்பில் என்ன வேண்டும்?" பத்தாம் வகுப்பில் ஹெச்எம் ரூமுக்கு வெளியே வரிசையில் நின்று மச்சம் காட்டிய பரம்பரை நாம். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்து எழுதினேன். இத்தனை வயதில் அது அங்கே இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

ஜெர்மன் பேசும் நாடுகளில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவருடைய குடும்பப் பெயரில் யு-வுக்கு மேல் இரண்டு புள்ளி உண்டு. விண்ணப்பத்தில் அந்த எழுத்தே ஏறாது. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதில் அந்த எழுத்தை யு, ஈ என்று பிரித்து அச்சடித்திருப்பார்கள். அதையே அப்படியே எழுதினோம். விமான டிக்கெட்டிலும் அதே மாதிரி. என் பெயர் வேறு ஒரு தலைவலி: எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் இனிஷியல்தான். நல்லவேளை, துணையின் பெயருக்கு அங்கே ஒரே கட்டம்தான்.

அனுமதி மின்னஞ்சலில் வந்தது. அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவர்கள் இ-அரைவல் கார்டும் நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் போட்டால் போதும், காசு கிடையாது. விமானத்தில் பேனா கடன் கேட்டு எழுதிய பழைய அட்டைக்குப் பதில் இது.

இ-விசா செல்லும் விமான நிலையங்களில் கோவையும் ஒன்று என்பது மலைக்காரர்களுக்குப் பெரிய சௌகரியம். சென்னையில் இறங்கி ராத்திரி ரயில் பிடிக்க வேண்டியதில்லை. ஷார்ஜா வழியாக வந்தோம். இரண்டு கை விரல் ரேகையும் எடுத்து, முத்திரை குத்தி, "ஊட்டியா?" என்று கேட்டார் அதிகாரி. கோத்தகிரி என்றதும், "அதுதான் நல்லது, கூட்டம் இருக்காது" என்றார். கோவைக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ரகசியம் தெரிந்துவிட்டது.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுக்கவேண்டும். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. டிஎன் 43 உள்ளூர் வண்டிக்கும் வேண்டாம். எங்கள் டாக்ஸிக்கு டிரைவர் அண்ணனே போட்டு வைத்திருந்தார். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்ததைவிட எங்கள் தண்ணீர் பாட்டிலைத்தான் உற்றுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் மலைக்கு மேலே போகக்கூடாது. ஸ்டீல் பாட்டில் என்று தட்டிக் காட்டியபிறகு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து, வரிசையாக எல்லோரும் வந்து மாப்பிள்ளையைப் பார்த்துப் போனபிறகு, நான் மெதுவாக அப்பாவிடம் சி ஃபாரம் பற்றிச் சொன்னேன். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். ஹோட்டல், லாட்ஜ், ஹோம்ஸ்டே மட்டுமில்லை, சொந்த வீடும் சேர்த்தி. 1946-ஆம் வருஷச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் தங்கவைப்பவரின் இந்தக் கடமை மாறவில்லை. ஊரில் எல்லோரும் இன்னும் சி ஃபாரம் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் மருமகன் என் வீட்டுக்கு வர்றதுக்கு நான் எதுக்கு போலீசுல எழுதிக் குடுக்கணும்? அவர் என்ன கள்ளக்கடத்தலா பண்ண வந்திருக்காரு?"

பதில் சொன்னது அப்பாயி, அப்பாவின் அம்மா. "எழுதிக் குடுத்துருடா. கேக்குறப்ப காயிதம் இல்லேன்னா நம்ம பேச்சு எடுபடாது."

அப்பாயி சொன்னால் அதற்குக் கனம் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி முடித்த கணக்கு அது; போகிறவர்களைக் கேட்டுப் போட்டதில்லை. கண்டியில் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி வந்தவர் அப்பாயி. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று நீலகிரி முழுக்க அப்படி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள், இன்றைய டேன்டீ. அந்தக் குடும்ப அட்டையும் பழைய பாஸ்போர்ட்டும் பாலிதீன் உறைக்குள் இன்றும் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மாப்பிள்ளையின் விசாவைக் காட்டச் சொன்னார். ஏ4 தாளை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையா நம்பி ஏரோப்ளேன்ல ஏத்தினாங்க?" என்றார். பாஸ்போர்ட்டில் கோவை முத்திரையைக் காட்டிய பிறகுதான் சமாதானம்.

உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் மரியாதையாகவே பேசினார். "ஹோம்ஸ்டேக்காரங்க ஆன்லைன்ல போடுவாங்க. வீட்டுக்குன்னா நீங்க ஊட்டி எஸ்.பி. ஆபீஸ்ல கேட்டுக்குங்க சார்." மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டினர் பதிவு அலுவலர். மறுநாள் காலை பஸ்ஸில் தொட்டபெட்டா வழியாக ஊட்டி. நல்ல பனி. வெளிநாட்டினர் பிரிவில் இருந்த பெண் காவலர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. வீட்டு உரிமையாளர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், முகவரிச் சான்று ஏற்றவேண்டும், அவர்கள் அனுமதித்ததும் அதில் விருந்தாளியின் விவரத்தைப் போடலாம் என்று அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "வர்றதுக்கு முன்னாடியே ஐடி எடுத்து வெச்சிருந்தா இன்னைக்கு நீங்க மலை ஏறி வந்திருக்க வேணாம்பா." இந்த ஒரு வரியை வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொரு மகனும் மகளும் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் வீட்டில் அப்பா ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்கு வந்த தேதி, எங்கிருந்து வந்தார், இங்கே வந்த தேதி, அடுத்து எங்கே போகிறார். புகைப்படம் வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் முழுக்கப் பச்சை. அப்பாவின் எட்டு முழ வேட்டியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் மாப்பிள்ளையை நிறுத்தி எடுத்தோம். கரை தெரியாமல் இருக்க அவர் கொஞ்சம் குனிந்து நிற்கவேண்டியிருந்தது. அடுத்து எங்கே என்ற கட்டத்தில் அப்பா வெகுநேரம் யோசித்தார். "குன்னூர்ல உங்க சித்தப்பா வீட்டு விருந்து இருக்கே, அதைப் போடவா?" போடவேண்டாம் என்று வியன்னாவையே போடச் சொன்னேன். கடைசியில் சமர்ப்பித்ததும் வந்த ரசீதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தின் அருமை இரண்டு நாளில் தெரிந்தது. வேறொரு ஊரில் ஒரு விடுதியில் முன்கூட்டியே காசு கட்டியிருந்தோம். வரவேற்பில் இருந்த பையன் கணவரைப் பார்த்ததும், "ஃபாரினர்னு சொல்லலையே மேடம்" என்றான். அவர்களுக்கு சி ஃபாரம் போட ஐடியே இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரசீதைப் பார்த்தபிறகு அந்தப் பையனே பக்கத்தில் ஐடி உள்ள ஒரு ஹோம்ஸ்டேவுக்குப் போன் செய்து இடம் பிடித்துக்கொடுத்தான், காசும் திரும்ப வந்தது. வெளிநாட்டவரோடு போகிறவர்கள் புக் செய்வதற்கு முன் ஒரு போன் போட்டு, ஃபாரினர் தங்கலாமா என்று வாயால் கேட்டுவிடுங்கள். ஆப்பில் அதெல்லாம் இருக்காது.

சித்தப்பா வீட்டு விருந்தில் வேறு கூத்து. மூன்றாவது பணியாரம் உள்ளே போனதும் சித்தப்பா அறிவித்துவிட்டார்: தன் பங்கில் அரை ஏக்கர் தேயிலையை மாப்பிள்ளை பெயருக்கு எழுதப்போகிறாராம். வெளிநாட்டவர் பெயருக்குத் தோட்டம் எழுத முடியாது சித்தப்பா என்றேன். "அதான் ஓசிஐனு ஏதோ கார்டு தர்றாங்களே?" வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவருக்கும் கொடுக்கும் அந்தக் கார்டுக்கு எங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை. திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு எங்கள் திருமணச் சான்றிதழ் உண்மையானது என்பதற்கு ஆஸ்திரியாவில் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, 275 டாலர் கட்டவேண்டும். கார்டு வந்தாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடு வாங்கலாம். விவாகரத்து ஆனால் துணை என்ற வகையில் வாங்கிய கார்டு போய்விடும். இந்தக் கடைசி விவரத்தைச் சித்தி மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கல்யாணத்தையே ஊரில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட தோழிக்கு: 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி முடியும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் தனக்கு வேறு திருமணம் இல்லை என்று சான்றும் கொண்டுவர வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுவார்கள். சின்ன ஊர், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால் அதற்குள் சொல்லிவிடு.

இப்போது மாமனாரும் மாமியாரும் மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு 30 நாள் இ-டூரிஸ்ட் விசா போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அதற்குக் கட்டணம் 10 டாலர்தான், மற்ற மாதங்களில் 25. வெயிலுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள் என்பதால் அந்தச் சலுகை. நீலகிரியில் அதே மாதங்களில்தான் சீசன். 2025 சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று நீதிமன்றம் உச்சவரம்பே வைத்தது. மே மாதம் வேண்டாம், செப்டம்பரில் வாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவோ அதற்குள் சம்பந்தி இருவரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிட்டார். ஐடி இருக்கிறது, பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கிறது, சுவருக்கு வெள்ளையடிக்கவும் ஆள் சொல்லியாகிவிட்டதாம்.