அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்: வரிசை மோசம், வைத்தியம் நல்லது

கொத்துக் கடைக்கும் போன் கடைக்கும் விமர்சனம் எழுதுகிறோம், இதற்கு யாரும் எழுதுவதில்லை, ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் போடவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் பகிடி விடுவார்களே, என்னை ஒட்ட வைத்தது மந்திரம் இல்லை, டிப்ரெஷன். விடியப்புறம் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், அதற்குப் பிறகு நித்திரையும் இல்லை, எழும்பவும் ஏலாது, பல் தீட்டுவதே பெரிய வேலை. வீட்டில் நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மாமி செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டார். அக்காதான் கடைசியில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதலில் குறைகள். நம்பர் எடுக்க ஒரு வரிசை, டொக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. அதைப் பொறுக்கலாம். ஆனால் பக்கத்துக் கிளினிக்குக்கு வந்தவர்களும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். "தம்பி, நீங்க இஞ்ச என்ன?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார், பிரஷர் என்று சொல்லி வைத்தேன். நம்பரை மட்டும் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

உள்ளே போனால் கதை வேறு. நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, சாக வேண்டும் என்று யோசனை வருகிறதா என்று டொக்டர் நேராகவே கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி, பதில் சொன்னதே பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம், அதனால் இரத்தமும் சோதித்தார்கள்.

மருந்து புளூஒக்சடின், காலையில் ஒன்று. சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தந்த மிஸ் சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன்: முதல் கிழமை வயிற்றைப் பிரட்டும், பதற்றம்கூட வரலாம், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு கிழமை ஆகும், அதற்குள் "இது சரிவராது" என்று விடக்கூடாது, பதற்றமோ சாகிற யோசனையோ கூடினால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும். சுகமானாலும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், அப்புறம் டொக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைப்பது. "அடிமையாகிவிடுவாய்" என்று பயமுறுத்தியவர்கள் நிறையப் பேர். இது போதைக் குளிசை இல்லை.

எனக்குச் சாப்பாட்டு ருசிதான் முதலில் திரும்பியது, கீரிமீன் சொதி இரண்டாந்தரம் கேட்டேன், அம்மா ஒன்றும் சொல்லாமல் சட்டியையே கொண்டுவந்து வைத்தார். நித்திரை பிந்தித்தான் வந்தது. இப்போதும் சில நாள் சரியில்லைதான், ஆனால் வேலைக்குப் போகிறேன்.

கவுன்சலிங்குக்கு ஆள் பற்றாது, நேரமும் குறைவு, அதற்கு நல்ல புள்ளி போட முடியாது. இரவில் நிலைமை முற்றினால் கிளினிக் திறக்கும்வரை இருக்க வேண்டாம், அங்கொட தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற நம்பருக்குக் கோல் எடுக்கலாம், உயிருக்கு ஆபத்து என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காசு ஒன்றும் கேட்பதில்லை, மருந்து ஸ்டொக் முடிந்தால் மட்டும் வெளியே வாங்க எழுதித் தருவார்கள். வெள்ளனப் போங்கள், கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிடாதீர்கள். புதுக் கொப்பி போட இன்னொரு வரிசை இருக்கிறது.