ஸ்டார்ட் மெனு: விண்டோஸ் 11 தருவதே போதுமா, ஓப்பன்-ஷெல் வேண்டுமா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி, நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லா இயந்திரங்களும் விண்டோஸ் 11க்கு மாறின. பிரிண்டர் அச்சடிக்கவில்லை, கணக்கு மென்பொருளான டாலி திறக்கவில்லை என்று புகார்கள் வரும் என எதிர்பார்த்திருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்டார்ட் மெனுவைப் பற்றியவை. "டிடிஎஸ் ஐகானைக் காணோம் தம்பி" என்பார் மூத்த கணக்காளர். டிடிஎஸ் (சம்பளம் போன்றவற்றில் முன்கூட்டியே பிடிக்கும் வரி) மென்பொருளின் ஐகான் அங்கேதான் இருக்கும். அதற்கு முன் அவர் கண்ணில் படுவது ஸ்பாட்டிஃபையும் லிங்க்ட்இன்னும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் கணினிகளில், விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவுக்குப் பதிலாக வேறொரு மெனுவைத் தரும் ஓப்பன்-ஷெல் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டேன். என் சொந்த மடிக்கணினியில் விண்டோஸ் மெனுவே இருக்கிறது. இது முரண்பாடு அல்ல. ஒரு கணினியை ஒருவர் பயன்படுத்துவதும், பல கணினிகளின் மெனுவை ஒருவரே பராமரிப்பதும் வேறு வேறு வேலைகள்.

அழகு, வேகம் இரண்டையும் பற்றிப் பேச அதிகம் இல்லை. விண்டோஸ் 11 மெனு பார்வைக்கு நன்றாக இருக்கிறது, ஓப்பன்-ஷெல் விண்டோஸ் 7 காலத்துச் சாயலில் இருக்கிறது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் இரண்டும் உடனே திறக்கின்றன.

எந்த மெனுவைத் தேர்ந்தெடுத்தாலும் அடியில் இருக்கும் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. மெனுவில் தெரியும் புரோகிராம் பட்டியல் பெரும்பாலும் இரண்டு ஃபோல்டர்களிலிருந்து வருகிறது. ஒன்று கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது, சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். மற்றொன்று அந்தந்தப் பயனரின் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். இரண்டிலும் இருப்பவை சாதாரண ஷார்ட்கட் கோப்புகள்தாம். பெயர் மாற்றலாம், நகர்த்தலாம், நீக்கலாம். ஷார்ட்கட்டை நீக்கினால் மென்பொருள் நீங்காது. பொது ஃபோல்டரில் கைவைக்க மட்டும் அட்மின் அனுமதி வேண்டும். பாதைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் மெனுவின் முழுப் பட்டியலில் ஏதாவது ஒரு டெஸ்க்டாப் புரோகிராம் மீது வலது பொத்தானை அழுத்தி, 'மோர்' என்பதற்குள் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அந்த ஃபோல்டரே திறந்துவிடும்.

இதுவரை இரண்டு மெனுக்களும் ஒன்றுதான். பிரிவது, மேலே 'பின்' செய்து, அதாவது நிலையாகக் குத்தி வைக்கும் ஐகான்களில்.

முதலில் விண்டோஸ் 11. இது 2021 அக்டோபரில் வந்தபோது அதன் மெனு சற்றுக் கஞ்சத்தனமாகவே இருந்தது: ஆறு ஆறாக மூன்று வரிசை ஐகான்கள், கீழே யாரும் கேட்காத பரிந்துரைப் பகுதி. 2022 பதிப்பில் ஓர் ஐகானை இன்னொன்றின் மேல் இழுத்து விட்டுக் குழுவாக்கும் வசதியும், பின் பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கும் வசதியும் சேர்ந்தன. 2025 இறுதியில் பரவத் தொடங்கிய புதிய மெனு உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். பின் செய்தவையும் முழுப் பட்டியலும் ஒரே பக்கத்தில் கீழ்நோக்கி உருள்கின்றன, பரிந்துரைகளை மறைத்துவிடலாம். பட்டியலை வகைவாரியாகவும் காட்டுகிறது. ஆனால் அந்த வகைகளைப் பிரிப்பது விண்டோஸ்தான், நாம் அல்ல. எங்கள் அலுவலகத்தில் 'மாத வேலை', 'காலாண்டு வேலை', 'ஆண்டு வேலை' என்றுதான் பிரித்துப் பேசுகிறோம். 'புரொடக்டிவிட்டி' என்ற தலைப்பின் கீழ் எதைத் தேடுவது என்று யாருக்கும் விளங்கவில்லை.

சிறு சிறு முட்கள் வேறு. பின் செய்த ஐகானின் பெயரை மெனுவிலேயே மாற்ற முடியாது. ஃபோல்டருக்குப் போய் ஷார்ட்கட்டின் பெயரை மாற்ற வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்து அடுக்கினால் முழுப் பட்டியல் அதை ஒரே அடுக்காகத் தட்டையாக்கிவிடுகிறது. பட்டியலில் ஒன்று வேண்டாம் என்று வலது பொத்தானை அழுத்தினால் கண்ணில் படுவது 'அன்இன்ஸ்டால்'. ஷார்ட்கட்டை மட்டும் நீக்க நினைத்தவர் மென்பொருளையே கழற்றும் வழியில் போய் நிற்பார். ஓப்பன்-ஷெல்லில் அதே இடத்தில் 'டெலீட்', 'ரீநேம்' இரண்டும் இருக்கின்றன. அவை ஷார்ட்கட்டைத்தான் தொடுகின்றன.

இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது பராமரிப்பு.

விண்டோஸ் 11 தன் பின்களை, பயனரின் ஆப்டேட்டாவுக்குள் ஆழமாகப் புதைந்த ஒரு ஃபோல்டரில், ஸ்டார்ட்2 என்ற பெயருள்ள ஒற்றை பைனரி கோப்பில் வைக்கிறது. அது முத்திரையிட்ட உறை போன்றது. முழுதாக நகல் எடுக்கலாம், முழுதாக இன்னொரு பயனரின் கணக்கில் வைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவோ, ஒன்றை மட்டும் எடுத்து இன்னொன்றை வைக்கவோ வழியில்லை. நான்கு பேரின் மெனுவில் ஒரே ஓர் ஐகானைச் சேர்க்க இந்தக் கோப்பை நகலெடுத்தால், அவரவர் தமக்கென்று அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் போய்விடும். இல்லையென்றால் நான்கு இருக்கைக்கும் நடந்து போய்க் கையால் பின் செய்ய வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு நிர்வாகக் கொள்கை வழியாக ஐகான் அமைப்பைத் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்கு விண்டோஸ் பேக்கப்பும் பின்களை மீட்டுத் தரும். எங்களைப் போல லோக்கல் கணக்குகளில் ஓடும் சிறு அலுவலகத்துக்கு இரண்டும் பொருந்தவில்லை.

இது எங்கே கடிக்கிறது என்பதற்கு ஆர்பியு ஓர் எடுத்துக்காட்டு. டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கும் இந்த இலவச மென்பொருள் ஜாவாவில் ஓடுவது. இதற்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஜிப் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் பேட்ச் கோப்பை (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறக்க வேண்டும். இன்ஸ்டாலர் இல்லாததால் ஸ்டார்ட் மெனுவில் தானாக எதுவும் வராது. பேட்ச் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தினால் 'பின் டு ஸ்டார்ட்' என்ற தேர்வும் வராது. எனவே அதற்கு ஒரு ஷார்ட்கட் உண்டாக்கி, மேலே சொன்ன புரோகிராம்கள் ஃபோல்டரில் போட்டு, அது முழுப் பட்டியலில் தென்பட்ட பிறகு அங்கிருந்து பின் செய்ய வேண்டும். ஒருமுறை என்றால் சரி. ஆனால் ஆர்பியுவுக்குப் புதுப்புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும், விரிக்கும் ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கும். பழைய ஃபோல்டரை நீக்கினால் ஷார்ட்கட் செத்துவிடும். ஷார்ட்கட்டையும் நீக்கிப் புதிது போட்டால் விண்டோஸ் மெனுவில் பின் செய்ததும் சேர்ந்து மறையும். ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 என்று கெடு நெருங்கும் நாட்களில்தான் இது கவனத்துக்கு வரும். அன்று யாருக்கும் பொறுமை இருக்காது.

பாதி மருந்து எந்த மெனுவிலும் செல்லும். பதிப்பு எண்ணில்லாத ஒரு பெயரில் ஃபோல்டர் வைத்து, பேட்ச் கோப்பின் பெயரையும் மாறாமல் பார்த்துக்கொண்டால், உள்ளே புதிய பதிப்பை வைத்தாலும் ஷார்ட்கட் பிழைக்கும். மீதிப் பாதியைத்தான் ஓப்பன்-ஷெல் தருகிறது.

ஓப்பன்-ஷெல் புதிதாக முளைத்தது அல்ல. விண்டோஸ் 8 வந்து ஸ்டார்ட் பொத்தானே காணாமல் போன 2012இல் பலரைக் காப்பாற்றிய கிளாசிக் ஷெல்லின் வாரிசு இது. அதை எழுதியவர் 2017 இறுதியில் மேம்பாட்டை நிறுத்திக்கொண்டு மூல நிரலைப் பொதுவில் வைத்தார். தன்னார்வலர்கள் இந்தப் பெயரில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தொடர்கிறார்கள். இலவசம், விளம்பரம் இல்லை.

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. இதில் பின் செய்தவை ஷார்ட்கட் கோப்புகளாகவே ஒரு சாதாரண ஃபோல்டரில் கிடக்கின்றன. ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் ஓப்பன்ஷெல், அதற்குள் பின்டு. ஒரு ஷார்ட்கட்டை அங்கே போட்டால் மெனுவின் மேற்பகுதியில் வந்துவிடுகிறது, எடுத்தால் போய்விடுகிறது. சர்வரில் ஒரு பொது ஃபோல்டர் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கணினியின் பின்டு ஃபோல்டருக்கும் நகலெடுக்கும் சிறிய பேட்ச் கோப்பு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். புதிய ஷார்ட்கட் சேர்கிறது. அவரவர் வைத்துக்கொண்டவை அப்படியே இருக்கின்றன. ஒரு நிபந்தனை: எல்லாக் கணினியிலும் மென்பொருள் ஒரே பாதையில் இருக்க வேண்டும். ஒருவர் டி டிரைவிலும் மற்றொருவர் டெஸ்க்டாப்பிலும் ஆர்பியுவை விரித்து வைத்திருந்தால் இது வேலைக்கு ஆகாது. எனவே முதலில் அந்த ஒழுங்கைக் கொண்டுவர வேண்டியிருந்தது, அது மெனுவை விடப் பெரிய வேலை.

முழுப் பட்டியலில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் அப்படியே விரிகிறது. 'காலாண்டு வேலை' என்று தமிழிலேயே பெயர் வைத்து, உள்ளே 'டிடிஎஸ் தயாரிப்பு', 'டிடிஎஸ் சரிபார்ப்பு' என்று ஷார்ட்கட்டுகளைப் போட்டிருக்கிறேன். மூத்த கணக்காளர் இப்போது என்னைக் கூப்பிடுவது குறைந்திருக்கிறது. மெனுவின் மற்ற அமைப்புகளையும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்து இன்னொரு கணினியில் ஏற்றலாம். ஹார்டு டிஸ்க் மாற்றினாலும் இந்தக் கோப்பும் பின்டு ஃபோல்டரின் நகலும் இருந்தால் மெனு பழையபடி வந்துவிடும்.

குறைகளும் உண்டு. முதலாவது, விண்டோஸின் ஆண்டுப் பெரிய அப்டேட். ஓப்பன்-ஷெல் விண்டோஸின் ஸ்டார்ட் பொத்தானை இடைமறித்துத்தான் வேலை செய்கிறது. அடியில் உள்ளது மாறினால் இடைமறிப்பும் பிசகலாம். அப்படி ஆனால் புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், தன்னார்வலர்களை அவசரப்படுத்த முடியாது. அதனால் பெரிய அப்டேட்டை ஒரே ஒரு கணினியில் விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றில் அனுமதிக்கிறேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானைச் சொடுக்கினால் விண்டோஸின் சொந்த மெனு திறக்கும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை நின்றுபோகாது.

இரண்டாவது, டாஸ்க்பார் நடுவில் இருந்தால் இது அவ்வளவு பொருந்தவில்லை. இடது பக்கம் ஒதுக்கினால்தான் பொத்தானும் மெனுவும் ஒன்றோடொன்று சேர்கின்றன. மூன்றாவது, தேடல். விண்டோஸ் தேடல் இணையத்தையும் சேர்த்துத் துழாவும், இது கணினிக்குள் மட்டும் தேடும். எனக்கு அது நிறையாகவே படுகிறது. உங்களுக்குக் குறையாகப் படலாம். தொடுதிரைக் கணினிகளில் இதைப் போட்ட அனுபவம் எனக்கில்லை. அதன் சிறிய எழுத்து வரிசைகளைப் பார்த்தால் விரலுக்கு உகந்ததாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இதே வேலையைச் செய்யும், பணம் கொடுத்து வாங்கும் ஸ்டார்ட்ஆல்பேக், ஸ்டார்ட்11 இரண்டையும் சோதனைக் காலத்தில் மட்டும் பார்த்தேன், எனவே என் சொல்லுக்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டாம். தோற்றத்தில் இரண்டும் ஓப்பன்-ஷெல்லை விட மெருகானவை. ஸ்டார்ட்ஆல்பேக் டாஸ்க்பாரையும் சேர்த்து மாற்றித் தருகிறது, பழைய டாஸ்க்பாருக்கு ஏங்குபவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் விண்டோஸை எவ்வளவு ஆழமாகத் தொடுகிறதோ அவ்வளவு ஆபத்தும் கூடுகிறது. 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 சோதனைப் பதிப்புகள் ஸ்டார்ட்ஆல்பேக், அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான எக்ஸ்புளோரர்பேட்சர் இரண்டின் அப்போதைய பதிப்புகளையும் பாதுகாப்பு, செயல்திறன் காரணங்களைக் காட்டி ஓடவிடாமல் தடுத்தன. பின்னர் வந்த பதிப்புகள் ஓடின என்றாலும், ஓர் அலுவலகத்தில் போட அந்தச் செய்தியே எனக்குத் தயக்கம் தந்தது. கணினிக்கு ஒன்று என்று உரிமம் வாங்கும் கணக்கும் சேர்ந்துகொண்டது.

இனி என் மடிக்கணினி. அதில் தினமும் திறப்பது ஏழெட்டுப் புரோகிராம்கள். பாதி டாஸ்க்பாரிலேயே இருக்கின்றன, மீதியை விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டித் திறக்கிறேன். பரிந்துரைகளை அணைத்து, கூடவே வந்த விளம்பர ஐகான்களை நீக்கியதும் விண்டோஸ் மெனு போதுமானதாகிவிட்டது. உங்கள் நிலையும் இதுதான் என்றால் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட் என்ற பக்கத்தில் தேவையற்றவற்றை அணைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஓப்பன்-ஷெல்தான் என்று முடிவெடுப்பவர்களுக்கு நிறுவும்போது ஒரு கவனம் வேண்டும். அதன் இன்ஸ்டாலர் மெனுவோடு கிளாசிக் எக்ஸ்புளோரர், கிளாசிக் ஐஇ என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். பின்னது இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கானது, இப்போது அதற்கு வேலையே இல்லை. முன்னது ஃபைல் எக்ஸ்புளோரரில் பழைய பட்டைகளைச் சேர்ப்பது. மெனுவை மட்டும் மாற்ற வந்தவருக்கு அது தேவையில்லாத தொல்லை. பட்டியலில் இரண்டையும் விலக்கிவிட்டு, மெனுவை மட்டும் நிறுவுங்கள்.